ஈரத்துக்குக் கழித்தது

ஊசிக்கல் எஸ்டேட் மேல் லைனில் மழையை அளக்கும் வேலை சின்னாத்தாளுக்கு வந்ததற்குக் காரணம், அவள் பொய் சொல்லமாட்டாள் என்பதுதான். தொழிலாளர் வீடுகள் ஒன்பது வரிசையாக உள்ள லைன் அது. வால்பாறையில் பஸ் ஏறி, எஸ்டேட் ஆபீஸ் வாசலில் இறங்கி, தேயிலைக்கு நடுவே முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் வரும். வீடுகளின் முதுகை ஒட்டிச் சரிவு தொடங்கும். சரிவில் சில்வர் ஓக் மரங்கள், அதற்கு மேலே மேகம். ஆடி மாதத்தில் அந்த மேகம் இறங்கி வந்து அடுப்படிக்குள் உட்கார்ந்துகொள்ளும். உப்பு கரையும், தீப்பெட்டி நமுத்துப்போகும், துவைத்த துணி ஒரு வாரம் ஆனாலும் அப்படியே தொங்கும்.

அந்த வருடம் ஏப்ரலில் கோயமுத்தூரிலிருந்து நஸ்ரியா என்றொரு பெண் வந்தாள். வானிலை மையத்தில் வேலை. கோட்டைமேட்டுப் பாத்திரக்கடைக்காரர் மகள். மழையைப் பற்றிப் படிக்க ஒரு படிப்பே இருக்கிறது என்பது லைன்காரர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். காலையில் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கிற கொட்டகையில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு, லைனுக்குப் பின்னாலிருந்த சரிவிலேயே மண்ணை வெட்டி வந்து, ஒரு தகரத் தட்டில் சாய்வாக அப்பினாள். அடியில் ஒன்பது தீப்பெட்டிகளை வரிசையாக வைத்தாள். பிறகு சொம்பில் தண்ணீர் எடுத்து மேலேயிருந்து மெதுவாக ஊற்றினாள்.

"ஏதாச்சும் ஆச்சுங்களா?"

ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினாள். மூன்றாவது ஊற்றினாள். நாலாவதும் போயிற்று. மண் கறுத்ததே தவிர அசையவில்லை. ஐந்தாவது சொம்பில் பாதிதான் ஊற்றியிருப்பாள், மொத்தச் சரிவும் ஒரே இழுப்பில் வழுக்கி வந்து ஒன்பது தீப்பெட்டிகளையும் மூடிவிட்டது.

"மலை இப்படித்தானுங்க. நாலு சொம்பு வரைக்கும் சும்மாவே இருக்கும். நாம எத்தனாவது சொம்புல இருக்கறோம்னு தெரிஞ்சுக்கோணும். அதுக்குத்தான் அளக்கறது."

கடைசி வீட்டுப் பிரான்சிஸ் எழுந்தார். எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஆல்வின் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அவருக்குத் துணை ஜூலி என்ற பசுமாடு ஒன்றுதான்.

"அதெல்லாஞ் செரி அம்மணி. என்ற தீப்பெட்டியையும் சேர்த்து நனைச்சுப்போட்டியே, பீடிக்கு நான் எங்க போறது?"

கொட்டகையே சிரித்தது. நஸ்ரியாவும் சிரித்தாள். மறுபடி வரும்போது ஒரு கட்டுத் தீப்பெட்டி வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தாள். அதிலிருந்து அவளை லைன்காரர்கள் மேடம் என்பதை விட்டு, கண்ணு, அம்மணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

லைன் முனையில் தண்ணிக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, கோடு போட்ட உயரமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அதில் மாட்டினாள். தினமும் காலை ஏழு மணிக்கு, மஸ்டருக்குப் போவதற்கு முன்னால், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் போனில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு நாள் மழை சேர்ந்து முன்னூறைத் தாண்டினால் யாரையும் கேட்கக்கூடாது, ஒன்பது வீடும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். வாசலில் ஒரு பை, அதில் ரேஷன் கார்டு, மாத்திரை, டார்ச் லைட். கூடவே சில அடையாளங்களும் சொன்னாள்: ஊற்றுத் தண்ணீர் கலங்கினால், திடீரென்று நின்றுபோனால், மூடுகிற கதவு மூடாமல் போனால்.

யாரிடம் கொடுப்பது என்றதும் எல்லோரும் சின்னாத்தாள் பக்கம் திரும்பினார்கள். ஒருமுறை எடை போடும் இடத்தில் அடுத்தவள் கொழுந்து இவள் கணக்கில் ஏறிவிட்டபோது, கூட்டத்தை நிறுத்தி அதைத் திருப்பிக் கொடுத்தவள் அவள். ஆனைமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்தெட்டு வருடம். அளவு என்றால் அவளுக்குச் சாமி மாதிரி.

கணவன் ராமுலு சிரித்தான். "ஏம்புள்ள, இனி மேகத்துக்கும் நீதான் கணக்கா?"

மே மாத முடிவில் அவனைக் காட்டுமாடு முட்டியது. காலைப் பனியில் ஃபேக்டரிக்குப் போகிற வழியில், புதர் என்று நினைத்தது எழுந்து நின்றது. தொடை எலும்பு முறிந்து, பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். மூன்று மாதம் காலை ஊன்றக்கூடாது. ஜூனில் இரண்டு தடவை ரெட் அலர்ட் என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு தடவையும் மத்தியானம் வெயில் வந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும், இனிச் செத்தாலும் இந்த நாற்காலியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

ஆடி பிறந்து இரண்டாவது ஞாயிறு மாலையில் மழை பிடித்தது. அது வழக்கமான மழையாகத் தெரியவில்லை. காற்று இல்லை, இடி இல்லை, ஏதோ மடை திறந்தமாதிரி ஒரே சீராகக் கொட்டியது. திங்கட்கிழமையும் கொழுந்து எடுத்தார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, தலையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டு, காலில் அட்டை கடிக்கக் கடிக்க உப்பைத் தேய்த்துக்கொண்டு எடுத்தார்கள். சாயங்காலம் எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் தம்பிதுரை தராசுக் கொக்கியில் மூட்டையை மாட்டி, முள்ளைப் பார்த்து, வழக்கம்போலப் பத்துக்கு இரண்டு ஈரத்துக்குக் கழித்து எழுதினார். நனைந்த இலையில் தண்ணீரும் சேர்ந்து நிறுக்கும் என்பது எஸ்டேட்டின் நியாயம். மழைக்காலம் முழுக்க அப்படித்தான். மூட்டைக்காரிகளே தங்களுக்குள் கழித்துச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது பழகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு சின்னாத்தாள் குழாயைப் பார்த்து, சிக்னல் கிடைக்கும் ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து, "நூத்தி அம்பத்திரண்டுங்க" என்று சொல்லி அனுப்பினாள். முந்தின நாள் நூற்றி இருபத்தெட்டு. இரண்டும் சேர்ந்து இருநூற்றி எண்பது. முன்னூறுக்கு இன்னும் இருபது இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொன்னாள். அன்றைக்கு வேலை இல்லை என்று கீழிருந்து சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் கலெக்டர் லீவு விட்டிருந்தார்.

அவள் கொள்ளு வேகவைத்தாள். ஈர விறகு புகைந்ததே ஒழிய எரியவில்லை. ராமுலு கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, பூண்டு உரித்துக் கொடுத்தான்.

"அந்தப் பின் கதவச் சாத்து புள்ள. சாரல் அடிக்குது."

"சாத்தித்தான் பாத்தனுங்க. காத்தாலயிருந்து மூட மாட்டீங்குது. மேல போயி இடிக்குது."

"மழையில கதவு ஊதியிருக்கும். உடு."

அவள் விட்டுவிட்டாள். கொள்ளுத் தண்ணீரை வடித்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் கூட்டினாள். கூரையின் மேல் மழை விழும் சத்தத்தில் இருவரும் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பதினொரு மணி சுமாருக்கு ஜன்னலில் போன் அடித்தது.

"ஏனுங்கக்கா, நஸ்ரியா பேசறேன். காலையில நூத்தி அம்பத்திரண்டுன்னு சொன்னீங்க."

"ஆமாங் கண்ணு."

"கீழ ஆபீஸ்ல போன வாரம் ஒரு மெஷின் வெச்சமில்லீங்களா, அது நூத்தி எண்பது காட்டுது. நீங்க மேல இருக்கறீங்க. உங்களுது அதவிட ஜாஸ்தியாத்தான் இருக்கோணும். குழாய்ல விரிசல் கிரிசல் ஏதாச்சும் உழுந்திருக்குதுங்களா?"

"இல்லீங்க. நேத்துத்தான் தொடச்சு வெச்சேன்."

"கோட்டப் பாத்துத்தான சொன்னீங்க?"

"கோட்டப் பாத்துட்டுத்தானுங் கழிச்சேன்."

கேட்டதோ இல்லையோ என்று சின்னாத்தாள் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் நெருங்கி நின்றாள்.

"என்னத்தக் கழிச்சீங்கக்கா?"

"ஈரத்துக்குங்க. மரத்துலருந்து சொட்டறது, மேகம் படிஞ்சு எறங்கறது, அதெல்லாம் மழையில சேருமாங்க? பத்துக்கு ரெண்டு கழிச்சுத்தானுங்க தெனமும் சொல்றது. கூடச் சொல்லிப்போட்டா பொய்யாயிருமே."

"கழிக்காம எத்தனைங்கக்கா? குழாய்ல இருந்தது?"

"இன்னிக்கு நூத்தித் தொண்ணூறு. நேத்து நூத்தி அறுபது."

அந்தப் பெண் மனதுக்குள் கூட்டுவது இவளுக்கே கேட்டமாதிரி இருந்தது. மறுபடி பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"முன்னூத்தி அம்பது. அக்கா, அது காலையில ஏழு மணிக்கு. அதுக்குப் பொறகு பெஞ்சது தனி. போன வெச்சுட்டு எல்லாத்தையும் கூட்டீட்டு எறங்குங்க. எதுவும் எடுக்க வேண்டாம். இப்பவே."

போன் அறுந்தது. சின்னாத்தாள் ஜன்னலிலேயே நின்றாள். நாலு மணி நேரத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய எண் அது.

"என்ன புள்ள, யாரு?" என்றான் ராமுலு.

அவள் திரும்பினாள். பின் கதவையே பார்த்தாள். காலையிலிருந்து மூடாத கதவு. அதன் மேல் முனை நிலைக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி நின்றது.

"ஏனுங்க."

"சொல்லு."

"அது தகரக் கதவுங்க. தகரம் எப்படீங்க ஊதும்?"

ராமுலு கதவைப் பார்த்தான். உரித்துக்கொண்டிருந்த பூண்டு அவன் கையிலேயே இருந்தது. பிறகு சுவரைப் பார்த்தான், நிலையைப் பார்த்தான். அந்த நாற்காலியில் இனி ஏறமாட்டேன் என்று சொன்னவன், "நாற்காலிய எடு" என்றான்.

அவள் சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். லைனுக்கு முன்னால் நின்று தட்டினாள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஜார்க்கண்ட்டிலிருந்து வந்து மூன்று வீடுகளில் இருந்த குடும்பங்கள் பையோடு உடனே வந்துவிட்டன. மொழி தெரியாதவர்கள், தட்டுச் சத்தம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. பழைய ஆட்கள்தான் வாசலிலேயே நின்றார்கள்.

"மறுக்காவுமா? காலையில எரநூத்தி எண்பதுன்னு நீதான சொன்னே?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

சின்னாத்தாளுக்கு அந்த லைனில் இருந்த ஒரே சொத்து, அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்பதுதான். அதைத் தன் கையாலேயே எடுத்துப் போட வேண்டியிருந்தது.

"நான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க. ஈரத்துக்குக் கழிச்சுச் சொல்லிப்போட்டேன். கழிக்காம முன்னூத்தி அம்பது."

வேறு எந்த ஊரிலும் இதைப் புரியவைக்க அரை நாள் ஆகியிருக்கும். இங்கே ஒரு கிழவி மட்டும், "பத்துக்கு ரெண்டா?" என்று கேட்டாள். சின்னாத்தாள் தலையாட்டினாள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளை இடுப்பில் தூக்கினார்கள்.

ஜார்க்கண்ட் பையன்கள் நாலு பேர் ராமுலுவை நாற்காலியோடு தூக்கினார்கள். படிக்கட்டு எங்கும் சிவப்புத் தண்ணீர். லைன் முனைக் குழாயை ஒட்டி வருடம் முழுக்க ஓடும் ஊற்று அன்றைக்கு ஓடவில்லை. அத்தனை மழையிலும் அந்த இடம் மட்டும் காய்ந்துபோன தொண்டை மாதிரி கிடந்தது. சின்னாத்தாள் அதைப் பார்த்தாள், யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் கால் ஓடாது என்று பயந்தாள். ராமுலு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, பையன்களுக்குப் புரியாத தமிழில், "பாத்து சாமி, பாத்து சாமி" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

பள்ளிக்கூடத்தில் தலையை எண்ணினார்கள். முப்பத்தொரு பேர், குறையாமல் இருந்தார்கள். சிலர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், சிலர் அழுதார்கள். பிரான்சிஸ் மட்டும் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"ஜூலிய அவுத்துட்டுத்தான் வந்தேன். செனை மாடு. படிக்கட்டுல கால் வெக்க மாட்டீன்னுட்டா. இழுத்து இழுத்துப் பாத்துட்டு உட்டுட்டு வந்துட்டேன். மெதுவா ரோட்டுச் சுத்துலதான் ஓட்டீட்டு வரோணும் அவள."

"போகாதீங்கண்ணா." சின்னாத்தாள் அவர் கையைப் பிடித்தாள்.

"வெசனப்படாத அம்மணி. காலையிலருந்து நின்ன மலை இன்னுங் கொஞ்ச நேரம் நிக்காதா? ஓடிப்போயிட்டு வாரேன்."

இழுத்து நிறுத்தியிருக்கலாம். காலையிலிருந்து தான் சொன்னதெல்லாம் தப்பு என்றான பிறகு, இன்னொரு ஆளை நிறுத்த அவளுக்குத் துணிவு வரவில்லை. கையை விட்டாள். அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

பெரிய சத்தம் எதுவும் முதலில் வரவில்லை. பச்சை மண் வாசம்தான் வந்தது, யாரோ பக்கத்திலேயே வயலை உழுதமாதிரி. ஜன்னலில் நின்ற ஒரு பெண், "மரம் நடக்குது" என்றாள். எல்லோரும் பார்த்தார்கள். மேகத்துக்கு நடுவில், சரிவில் நின்ற சில்வர் ஓக் மரங்கள் நின்றபடியே கீழே இறங்கி வந்தன. ஒன்றுகூடச் சாயவில்லை. பிறகுதான் சத்தம் வந்தது. பள்ளிக்கூடத்தின் ஓடுகள் அதிர்ந்தன. சின்னாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு, கர்த்தர் மாரியாத்தா எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட்டாள். அது நிற்கிற மாதிரியே தெரியவில்லை. நின்றபோது மேல் லைன் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு வெட்டு மட்டும் இருந்தது.

மாடு அன்று சாயங்காலமே ரோட்டில் தானாக வந்து நின்றது. பிரான்சிஸை மூன்றாவது நாள்தான் எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்ததும் ஆல்வின் சின்னாத்தாளிடம் வந்தான். கோபமாக வந்திருந்தால் அவளுக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. அந்த எண்ணு காத்தால ஏழு மணிக்கே தெரிஞ்சிருந்தா, அப்பாவுக்கு மாட்ட ஓட்டீட்டு வர நேரம் இருந்திருக்குமா?"

ரோட்டுச் சுற்றில் சினை மாட்டை மெதுவாக ஓட்டி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அவளிடம் நாலு மணி நேரம் இருந்தது.

"இருந்திருக்குங் கண்ணு" என்றாள். அவள் பொய் சொல்லமாட்டாள்.

நஸ்ரியா அந்த வாரமே வந்தாள். கீழ் லைனில் ஒரு காலி வீட்டைச் சின்னாத்தாளுக்கும் ராமுலுவுக்கும் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். தரையில் சின்னாத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொண்டுவந்த புதுக் குழாய் மடியில் கிடந்தது.

"எனக்கு வேண்டாங் கண்ணு. வேற யாருகிட்டயாச்சும் குடுத்துப்போடு."

"கோடு தெரியுதான்னு உங்களக் கேட்டேன். படிக்கத் தெரியுமான்னு கேட்டேன். நீங்க எடை போடற எடத்துக்கு ஒரு நாள் வந்து நின்னு பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் வரல. அது என்ற தப்புங்கக்கா." குழாயை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள். "வேற யாருக்குக் குடுத்தாலும் கழிப்பாங்க. நீங்க இனிக் கழிக்க மாட்டீங்க."

ராமுலு கட்டிலிலிருந்து, "வாங்கிக்க புள்ள" என்றான்.

பத்து நாள் கழித்து வேலை தொடங்கியது. தூறல் விடவில்லை. கொழுந்து எடுக்கும்போது பெண்கள் நிமிர்ந்து நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். ஒரு கல் உருண்டாலும் எல்லாக் கைகளும் நின்றன. சாயங்காலம் எடை போடும் இடத்தில் வரிசையில் நின்றார்கள். சின்னாத்தாள் முறை வந்ததும் தம்பிதுரை அவள் மூட்டையைக் கொக்கியில் மாட்டினார். முள் முப்பதில் நின்றது.

"முப்பது. ஈரத்துக்கு ஆறு போக..."

அவள் மூட்டையின் மேல் கை வைத்தாள். தைரியம் வந்து வைக்கவில்லை, அந்தச் சொல்லைக் கேட்டதும் வந்த பயத்தில் வைத்தாள்.

"கழிக்காதீங்க."

"என்னக்கா புதுசா? வழக்கந்தான. நனைஞ்சதுக்குப் பத்துக்கு ரெண்டு..."

"முள்ளு எத்தன காட்டுதோ அத்தனையும் எழுதுங்க."

"மேல கேப்பாங்கக்கா. நான் என்னன்னு சொல்றது?"

"பிரான்சிஸ் அண்ணனுக்கும் பத்துக்கு ரெண்டுதானுங்க கழிச்சேன். அப்படின்னு சொல்லுங்க."

தம்பிதுரை பேனாவைப் பிடித்தபடி தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நோட்டின் மேல் தூறல் விழுந்தது. பிறகு தன் சட்டையால் அதைத் துடைத்துவிட்டு முப்பது என்று எழுதினார்.